பிள்ளை பார்த்த கூலி

பனி விலகுவதற்கு முன்பே பாறைக்குழியில் சம்மட்டி இறங்கத் தொடங்கிவிட்டது. மாதையன் ஓங்கி அடித்த ஒவ்வோர் அடிக்கும் பாறை தன் பங்குக்கு ஒரு சில்லைத் திருப்பி அடித்தது. அவன் முழங்காலுக்குக் கீழே தோல் என்று சொல்லும்படி எதுவும் மிச்சமில்லை. காய்ந்த ரத்தமும் கல்தூளும் சேர்ந்து அங்கே இன்னொரு தோலாகியிருந்தது. அவன் பெயர்த்துப் போட்டதைப் பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றிக்கொண்டு போய் மேட்டில் கொட்டினார்கள். மேட்டில் வரிசையாகக் குந்தியிருந்த மற்றப் பெண்கள் பழைய டயரை வெட்டிய வளையத்துக்குள் கல்லை நிறுத்தி, சின்னச் சுத்தியலால் ஜல்லியாக உடைத்தார்கள். குறி தப்பினால் விரல். நசுங்கிய விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, ஒரு கந்தலைச் சுற்றிக்கொண்டு அடுத்த கல்லை எடுக்க வேண்டியதுதான்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது. ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதையை அகலப்படுத்துகிற வேலை. பாதை வந்தால் மலை சனங்களுக்கு விடிவு வரும் என்று கீழேயிருந்து வந்தவர்கள் மேடை போட்டுப் பேசினார்கள். விடிவு வந்ததோ இல்லையோ, விடிவதற்கு முன்னால் எழுந்து ஓட வேண்டியது வந்து சேர்ந்தது. கண்ட்ராக்ட் எடுத்தவர் கலசப்பாக்கத்து ஆதிநாராயணன். மலை ஏறும்போது அவருக்கு இடுப்பில் ஒரு சுற்றுச் சதை. வேலை பாதி முடிவதற்குள் இரண்டு சுற்று. அவருடைய மேஸ்திரி கோபால்சாமி. அவனுக்கு அடிக்கக் கை முந்தும். யாரையும் கூப்பிட வாயைத் திறக்க மாட்டான், கையில் இருக்கும் கழிதான் பேசும்.

போன பங்குனி வரைக்கும் அந்த வரிசையில் செல்லியும் இருந்தாள். புருஷன் புளி உலுக்க ஏறி, கிளை முறிந்து விழுந்து செத்தவன். ஒண்டியாளாக, இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு கல் உடைக்க வந்தாள். மேட்டுக்குப் பின்னால் இருந்த கடுக்காய் மரத்தில் எல்லாருடைய தூளியும் தொங்கும். அவளுடையதும் தொங்கியது. வெடி வைப்பதற்கு முன் விசில் ஊதி, ஆட்கள் விலகி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்ட பிறகுதான் திரியில் நெருப்பு வைக்க வேண்டும். அன்றைக்கு லாரி காத்துக்கொண்டிருந்தது. கோபால்சாமி விசிலைப் பிறகு ஊதிக்கொள்ளலாம் என்று திரியைப் பற்றவைத்தான்.

தூளி கிழியவில்லை. புகை அடங்கியபோது அது முன்போலவேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. செல்லி அதற்குள் கையை விட்டாள். அவள் போட்ட சத்தம் கேட்டு, தேங்காய்ப் பருமன் கல் ஒன்றை அதற்குள்ளிருந்து எடுத்து வெளியே போட்டவன் மாதையன். பிள்ளையைப் புதைக்கக் குழி வெட்டியவனும் அவன்தான். அதற்குப் போன நேரத்துக்கு அவனுக்கு அரைநாள் கூலி பிடித்தார்கள்.

போலீஸ், கேஸ் என்று ஆகிவிடுமோ என்று ஆதிநாராயணன் ஒரு வாரம் மலைப்பக்கமே வரவில்லை. ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்று தெரிந்ததும் அவருக்கு இரக்கம் சுரந்தது. இனிமேல் கைப்பிள்ளைகள் குழிப்பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். "எல்லாத்தையும் செல்லி வூட்ல உடுங்க. அவளும் புள்ளைய பறிகுடுத்துட்டு நிக்கறா. நாலு கொழந்தைங்க மூஞ்சியப் பாத்தா மனசு ஆறும்," என்றார். அவளுக்கு வாரம் ஒரு வள்ளம் சாமை அளக்கச் சொன்னார். ஒரு மனுஷி ஒழுங்காகத் தின்றால் நாலு நாளைக்கு வரும் சாமை.

அந்த ஊரில் பிள்ளை பார்ப்பதற்குக் கூலி என்ற பேச்சே கிடையாது. இன்றைக்கு என் பிள்ளையை நீ பார், நாளைக்கு உன் பிள்ளையை நான் பார்க்கிறேன். அவ்வளவுதான். கூலி வாங்கினால் பிள்ளையை விற்ற மாதிரி என்பார்கள். நல்ல வழக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதிலுக்குப் பார்த்துக்கொடுக்கப் பிள்ளையே இல்லாத ஒருத்தியை அந்த வழக்கம் நினைத்துப் பார்க்கவில்லை. எல்லார் பிள்ளையும் செல்லியிடம் வந்தது. செல்லியிடமிருந்து யாரிடமும் போக எதுவும் இல்லை.

பதினாலு பிள்ளைகள். ஒன்று தவழ்ந்து அடுப்பிடம் போகும். அதைத் தூக்கி வருவதற்குள் இன்னொன்று மண்ணை வாய் நிறைய அடைத்துக்கொண்டு மூச்சு முட்டி நிற்கும். பல் முளைக்கிற ஒன்று அவள் புஜத்தைக் கடித்துக்கொண்டே தூங்கும். பேதி கண்டதைக் கழுவி, காய்ச்சல் கண்டதைத் தோளில் போட்டு, பாலுக்கு வீறிடுவதை இடுப்பில் ஆட்டிக்கொண்டு, கூழ் கிண்டி, ஆளுக்கு ஒரு வாய் ஊட்டி நிமிரும்போது முதுகெலும்பு உச்சுக்கொட்டும். தாய்மார் கட்டிக்கொடுத்த கூழ் மதியத்தோடு தீர்ந்துவிடும். அழுகிற வாயைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் தன் சாமையைக் காய்ச்சி ஊற்றுவாள். வாரக் கடைசியில் அவளுக்குத் தண்ணீர்தான். மனசு ஆறுமென்று சொன்னவர் ஒரு நாள் வந்து பார்த்திருக்கலாம். சாயங்காலம் ஒவ்வொருத்தியாக வந்து தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, அந்தக் குடிசை பங்குனி மாதத்துக்குத் திரும்பிப் போய்விடும். அவள் சுவரில் தலையை முட்டிக்கொள்வாள்.

சந்தைக்கு முந்தின நாள் கூலி கொடுக்கிற நாள். பாஞ்சாலையின் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றதுகளைப் பெரிய பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, செல்லி வரிசையில் வந்து நின்றாள்.

"நீ இன்னாத்துக்கு வந்த?" என்றார் ஆதிநாராயணன்.

"கூலிக்கு மொதலாளி."

"உனக்குத்தான் சாமை அளந்து உட்டாச்சே."

"அது நாலு நாளைக்குத்தான் வருதுங்க. கல்லு ஒடைக்கறவங்களுக்கு இன்னா குடுக்கறீங்களோ, அத்த எனக்கும் குடுங்க."

அவர் சிரித்தார். "நெழல்ல குந்திக்கினு கொழந்தைய கொஞ்சறதுக்குக் கூலியா?"

"நீங்க ஒரு நாள் வந்து குந்திப் பாருங்க. அப்பறம் சொல்லுங்க."

கோபால்சாமியின் கழி உயர்ந்தது. முதலாளி கையைக் காட்டி அவனை நிறுத்தினார். அவர் விவரமான ஆள். அடியைவிட மலிவான வழி அவருக்குத் தெரியும். வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "சரி, குடுக்கறேன். புள்ள யாருது? இவளுங்களுது. பால் குடுக்கப் போற நேரத்துக்கு ஏற்கெனவே இவளுங்க கூலியில புடிக்கறேன். அதோட சேத்து இதையும் புடிச்சு உனக்குத் தர்றேன். போதுமா?"

செல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வரிசை அவள் பக்கம் திரும்பிவிட்டது.

ஊருக்குத் திரும்பும் வழியில் பாஞ்சாலை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். கை முழுக்கக் கந்தல் சுற்றிய பெண், வாய் அதைவிடக் கூர்மை. "ஏ செல்லி, எம்புள்ளய பாத்ததுக்கு என் கூலிய புடுங்கறியா? எவ சொல்லிக்குடுத்தா உனக்கு?"

"உன்கிட்ட நான் கேக்கல பாஞ்சால. அவன்கிட்டதான் கேட்டேன்."

"அவன் எங்கருந்து குடுப்பான்? எங்க வயித்துல அடிச்சுத்தான குடுப்பான்?" பாஞ்சாலை பிடித்துத் தள்ளினாள். செல்லி பிள்ளையை மார்போடு அணைத்தபடி மல்லாந்து விழுந்தாள். முழங்கை கல்லில் சிராய்த்துக்கொண்டது. பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. மற்றப் பெண்கள் விலக்கவில்லை, நின்று பார்த்தார்கள். பாஞ்சாலை அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "புள்ள இருந்தா உனக்குத் தெரியும்," என்றாள்.

செல்லி எழுந்து, பிள்ளையின் முதுகிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, அதை அதன் தாயின் கையில் கொடுத்தாள். "நாளைக்கு நீயே பாத்துக்க," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

மறுநாள் விடியலில் அவள் படல் திறக்கவில்லை. பெண்கள் கூப்பிட்டார்கள், கெஞ்சினார்கள், பிறகு ஏசினார்கள். ஒருத்தி படலை உதைத்தாள். உள்ளே செல்லி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே அழும் குரல்களில் எது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

பாதிப் பெண்களால் வேலைக்குப் போகவே முடியவில்லை. ஜல்லி மேட்டில் இடம் இடமாக வெறிச்சென்று கிடந்தது. பாஞ்சாலை மட்டும் மகனைக் கூடையில் படுக்கவைத்து, மேலே சேலைத் துண்டைப் போர்த்தி, ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் நிழலில் ஒளித்துவைத்துவிட்டு உடைத்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறும் நேரத்தில் பிள்ளை சிணுங்கியது. கோபால்சாமி குவியலைச் சுற்றிக்கொண்டு வந்தான். லோடு ஏறாத லாரியும் முதலாளியின் ஏச்சும் சேர்ந்து அவனுக்கு ஏற்கெனவே கோபம் தலைக்கேறியிருந்தது.

"குழிக்குக் கொழந்த வரக்கூடாதுன்னு சொன்னனா இல்லியா?" என்று கூடையை எட்டி உதைத்தான்.

கூடை சரிவில் உருண்டது. பிள்ளை அதிலிருந்து தெறித்து, புதிதாக உடைத்த ஜல்லியின் முனைகள்மேல் முகம் குப்புற விழுந்து, இன்னும் இரண்டு புரட்டு புரண்டு நின்றது. நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அழவே இல்லை. அதே கணத்தில் பாஞ்சாலையின் சுத்தியல் பறந்து கோபால்சாமியின் தோளில் இறங்கிவிட்டது. எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவன் மற்றக் கையால் கழியைத் தூக்கி அவள் முதுகில் இரண்டு விளாசினான். மூன்றாவது விழவில்லை. மாதையன் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து அவன் கழுத்தைப் பிடித்துப் பாறையோடு அழுத்திவிட்டான். ஒரு பிள்ளையைக் குழியில் இறக்கிய கைகள் அவை. நாலு பேர் சேர்ந்து பிரித்திராவிட்டால் கோபால்சாமியின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஜீப்பில் வந்து இறங்கிய ஆதிநாராயணன் பிள்ளையைப் பார்க்கவில்லை. லாரியைத்தான் பார்த்தார். "எவ கதவ சாத்தினாளோ அவளாலதான் இவ்வளவும்," என்றார். மேஸ்திரியையும் இரண்டு அடியாட்களையும் ஏற்றிக்கொண்டு ஜீப் ஊர்ப்பக்கம் திரும்பியது.

படலைப் பெயர்த்து எறிந்தார்கள். செல்லியின் தலைமயிரைக் கையில் சுற்றி வாசலுக்கு இழுத்து வந்தார்கள். ஒடிந்த தோள் தொங்க, கோபால்சாமி காலால் உதைத்தான். உதடு கிழிந்தது, ஒரு கண் மூடிக்கொண்டது. அவள் கத்தவில்லை. "பாக்கறியா, பாக்கறியா?" என்று ஒவ்வோர் உதைக்கும் கேட்டான். "கூலி குடு, பாக்கறேன்," என்றாள் அவள், வாயில் ரத்தத்தோடு.

பாஞ்சாலை குறுக்குவழியில் ஓடி வந்துகொண்டிருந்தாள். அடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது என்று அவள் யோசித்து ஓடவில்லை. கால் தானாக அந்த வாசலுக்குக் கொண்டுவந்து விட்டது. வந்தவள் கண்டது இதை. தரையில் கிடந்த செல்லி ஒற்றைக் கண்ணால் பிள்ளையின் முகத்து ரத்தத்தைப் பார்த்தாள். உதைத்துக்கொண்டிருந்த காலைத் தள்ளிவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். "புள்ளய குடு இப்டி," என்றாள்.

கொடுத்தாள். செல்லி முந்தானையைக் கிழித்து நெற்றியை அழுத்திப் பிடித்து, தன் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் ஒன்றாக ஒழுக, அதைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். அப்போதுதான் பிள்ளை வீறிட்டு அழுதது. அழுகை கேட்டதும் பாஞ்சாலை மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

பின்னாலேயே மேட்டிலிருந்த பெண்கள் வந்து சேர்ந்தார்கள். கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வர யாருக்கும் தோன்றவில்லை. வாசலைச் சுற்றி நின்றார்கள். அடியாட்கள் இருவரும் ஜீப் பக்கமாக நகர்ந்தார்கள். மங்கம்மாள் முன்னால் வந்தாள். கல் உடைத்து இடதுகைச் சுண்டுவிரலை இழந்தவள், அதிகம் பேசாதவள்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு உங்க லாரி ஏன் காலியா நிக்குது?"

"இவ திமிருதான்."

"இவ குந்திக்கினு கொழந்தைய கொஞ்சறான்னு சொன்னீங்க. கொஞ்சறத ஒரு நாள் நிறுத்தினா. உங்க ஜல்லி மேடு நின்னு போச்சு. அப்போ அது வேலதான? வேலன்னா கூலி குடுக்கணும்தான?"

"எங்கிட்ட சட்டம் பேசறியா? நாளைக்கே கீழேருந்து லாரி நெறைய ஆள் ஏத்திக்கினு வர்றேன். போலீசும் வரும். ஒருத்திக்கும் இனிமே இங்க வேல கெடையாது."

"இட்டுக்கினு வாங்க. நாங்களும் வழியிலதான் இருப்போம்."

அவர் சுத்தியல்களை ஒரு முறை பார்த்தார். ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

பொழுது சாய்வதற்குள் ஊரே அந்த வாசலில் இருந்தது. பாஞ்சாலை செல்லியின் கண்ணுக்கு உப்புத்தண்ணீர் ஒத்தடம் கொடுத்தாள். "நேத்து நான் சொன்ன சொல்லு..." என்று ஆரம்பித்தாள். "அத்த உடு. வலிக்குது, மெதுவா ஒத்து," என்றாள் செல்லி.

என்ன கேட்பது என்று பேசினார்கள். கல் உடைப்பவளுக்கு என்ன நாள் கூலியோ அதுவே பிள்ளை பார்ப்பவளுக்கும். இத்தனை பிள்ளைகளுக்கு ஒருத்தி போதாது, இரண்டு பேர் வேண்டும். அது கண்ட்ராக்டர் கையிலிருந்து வரவேண்டும். பால் கொடுக்கப் போகும் நேரத்துக்குக் கூலி பிடிக்கக்கூடாது. பேச்சு இதுவரை வந்ததும் கூட்டத்தில் ஒருத்தி தயங்கினாள். "கூலி வாங்கினா புள்ளய வித்த மாதிரின்னு சொல்லுவாங்களேக்கா."

செல்லி நிமிர்ந்தாள். "வித்தது நானா? எம்புள்ள உயிர அவன் சும்மா வாங்கிக்கினான். எங்கையில ஒண்ணு வந்துச்சா? இனிமே நம்ப கையிலிருந்து அவனுக்கு சும்மா ஒண்ணும் போவக்கூடாது."

அதற்கு மேல் யாரும் வழக்கம் பேசவில்லை. நாளைக்கு மலைப்பாதையில் லாரி ஏறி வரும் பெரிய வளைவில் எல்லாப் பெண்களும் மறித்து நிற்பது என்று முடிவானது. அப்படியானால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. எல்லாக் கண்ணும் மாதையனிடம் போய் நின்றன. அவனும் இன்னும் இரண்டு ஆண்களும் பார்ப்பதென்று மங்கம்மாள் சொல்லிவிட்டாள். "என்னை அந்தப் பாறைக்கே அனுப்பிடு மங்கம்மா," என்றான் அவன். அந்த நாளில் முதல்முறையாகப் பெண்கள் சிரித்தார்கள்.

விடிந்தபோது பெரிய வளைவில் பாதையை மறித்துப் பாறைத் துண்டுகள் கிடந்தன. அவற்றின் முன்னால் பெண்கள் நின்றார்கள். கீழேயிருந்து லாரி முக்கி முனகி ஏறி வந்து நின்றது. பின்னால் முதலாளியின் ஜீப், அதிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள். லாரியில் நின்றவர்கள் அடிவாரத்துச் சனங்கள். அறுப்பு முடிந்து, வேலையில்லாமல், வயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறி வந்தவர்கள்.

"வழிய உடுங்க," என்றார் ஆதிநாராயணன். யாரும் நகரவில்லை. போலீஸ் தடி சுழன்றது. முதல் அடியைக் கையில் தாங்கிய மங்கம்மாள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். ஓடுவார்கள் என்று நினைத்துத்தான் அடித்தார்கள். பெண்கள் இன்னும் நெருங்கி நின்றார்கள். பாஞ்சாலை அவள் இடத்தில் போய் நின்றாள். அடுத்த அடி பாஞ்சாலைக்கு விழுந்தது.

செல்லி மட்டும் லாரியின் பக்கவாட்டில் நடந்தாள். மேலே ஓரமாக நின்றிருந்த ஒருத்தியின் மார்பில், துணிக்குள் ஒரு சிசு கிடந்தது.

"எத்தினி மாசம்?" என்று கேட்டாள்.

"ஆறுங்க."

"இத்த எங்க உட்டுட்டு கல்லு ஒடைப்ப?"

"மேல ஒரு அம்மா கீறாங்களாம். எல்லார் புள்ளயும் பாத்துக்குவாங்கன்னு மேஸ்திரி சொன்னாருங்க."

"அது நாந்தான்."

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். மூடிக்கிடந்த கண்ணை, கிழிந்த உதட்டை, மயிர் பிடுங்கிச் சிவந்திருந்த மண்டையைப் பார்த்தாள். "யாருங்க உங்கள இப்டிப் பண்ணது?" என்றாள்.

செல்லி சொன்னாள். கடுக்காய் மரத்தில் தொங்கிய தூளியைச் சொன்னாள். நேற்று சரிவில் உருண்ட கூடையைச் சொன்னாள். பிள்ளை பார்க்கக் கூலி கேட்டதற்கு விழுந்த அடி இது என்று சொன்னாள். அழாமல், ஒன்றையும் கூட்டாமல் சொன்னாள். ஓரத்தில் இருந்தவர்கள் கேட்டதை உள்ளே இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், அங்க இன்னா பேச்சு?" கோபால்சாமி கட்டுப்போட்ட தோளோடு ஜீப் பக்கத்திலிருந்தே கத்தினான்.

அந்தப் பெண் அவன் பக்கம் திரும்பவில்லை. மார்பிலிருந்த துணியை அவிழ்த்தாள். சிசுவை இரண்டு கையிலும் ஏந்தி, லாரியின் பலகைக்கு மேலாகக் கீழே நீட்டினாள்.

"சித்த புடிங்கக்கா," என்றாள். "நான் எறங்கறேன்."

செல்லி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். வளைவில் தடி இன்னும் ஓயவில்லை. லாரியின் அந்தக் கோடியில் இன்னொருத்தி பலகைக்கு வெளியே காலை எடுத்து வைத்தாள்.